வாகரைக்கு ஒரு காட்டுக்கத்தி

பையில் நான்கு கத்திகளோடு கொழும்பில் போய் இறங்கியபோது என்னை யாரும் கொலைகாரி என்று சந்தேகப்படவில்லை. பைத்தியம் என்றுதான் நினைத்தார்கள். சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவிப் பார்த்தார். எதற்கு என்றார். கூடாரம் போட்டுத் தங்கும்போது விறகு பிளக்க, முளைக்குச்சி சீவ, மீன் அரிய என்று சொன்னேன். "ஏன், உங்கள் ஊரில் ஹோட்டல் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கோத்தகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்த் தங்கவைத்து, நெருப்பு மூட்டவும் சமைக்கவும் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. அதில் எனக்குப் பிடித்த பாடம் கத்தி. கத்தி என்றால் மடக்காத கத்தி. அலகும், பிடிக்குள் ஓடும் வாலும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். மடக்குக் கத்தியில் ஒரு கீல் இருக்கிறது. கீல் உள்ள எதுவும் ஒருநாள் காலை வாரிவிடும், எங்கள் வீட்டுக் கதவு உட்பட. கொண்டுபோனதில் என் செல்லம் மரப்பிடி போட்ட சின்னக் கத்தி. பாழாய்ப்போன இரும்பு, ஒரு நாள் எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடித்துவிடும். ஆனால் தீட்டினால் முன்கை மயிரைச் சிரைக்கலாம். ஆரஞ்சுப் பிடி போட்ட மலிவுக் கத்தி பிள்ளைகளுக்கு. புல்லில் போட்டாலும் கண்ணில் படும். தடித்த முதுகு கொண்ட பெரியது விறகு பிளக்க. மெலிந்தது மீனுக்கு. இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும்?

சுனாமி அடித்து, அதன்பின் போரும் முடிந்து, மட்டக்களப்பில் ஆளாளுக்கு ஏதாவது பயிற்சி நடத்திக்கொண்டிருந்த வருடம் அது. ஒரு தொண்டு நிறுவனம் என்னையும் கூப்பிட்டது. ஆசிரியர்களுக்குக் கூடார வாழ்க்கை கற்றுத்தர வேண்டுமாம். பஸ்ஸில் என் காலின் மேல் யாரோ ஒரு வெங்காய மூட்டையை வைத்தார்கள். எடுங்கள் என்றால், "கொஞ்சத் தூரம்தான் அக்கா" என்றார்கள். மூட்டை என்னோடு மட்டக்களப்பு வரைக்கும் வந்தது.

தங்கியது எர்வின் என்பவரின் வீட்டில். பறங்கியர். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வம்சம். வீட்டுக்குள் மனைவியோடு ஏதோ பழைய போர்த்துக்கீசில் சண்டை போடுவார், வாசலுக்கு வந்தால் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். முன்பு கடலோரமாக டச்பார் என்ற இடத்தில் பட்டறை வைத்திருந்தார். சுனாமி அதை வாரிக்கொண்டு போனபின் ஊருக்குள் வந்து, வாவியைப் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு, பின்னால் தகரக் கொட்டகை போட்டு மறுபடி இரும்பு அடித்துக்கொண்டிருந்தார். காலையில் பாண் என்கிற ரொட்டி, பருப்பு, காரமான சம்பல். மதியம் வாவி நண்டு. அந்த நண்டுக்காக மட்டும் அந்த வெங்காய மூட்டையை மன்னித்தேன்.

மறுநாள் பயிற்சிக்குப் போனால் மண்டபத்தில் நாற்காலிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. நிறுவனத்து ஆள் போனும் கையுமாக அங்குமிங்கும் நடந்தார். ஒரே ஒரு டீச்சர் மட்டும் வந்தார், அதுவும் மரியாதைக்காக. என் கூடாரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மிஸ், குறை நினைக்காதீங்க. சுனாமிக்குக் கூடாரத்தில இருந்த நாங்க. மறுகா சண்டைக்கும் கூடாரத்தில இருந்த நாங்க. இனி இதில எங்களுக்கு என்னத்தப் படிப்பிக்கப் போறீங்க?"

இதை எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தால் கோயம்புத்தூரிலேயே இருந்திருப்பேனே என்ற கடுப்புதான் இருந்தது. பயிற்சி ரத்து. திரும்பும் விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடந்தது.

அன்று சாயங்காலம் எர்வின் என் கத்திகளைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஊரில் முதல்முறையாக ஒரு மனிதர் அவற்றைச் சரியாகப் பார்த்தார். செல்லத்தின் அலகை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, விளிம்பில் நகத்தை ஓட்டி, "நல்ல சாமான்" என்றார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே நிறைய மடக்குக் கத்திகள், எல்லாம் பளபளப்பான சிவப்புப் பிடி. சுனாமி நிவாரணத்தில் வெளிநாட்டுக்காரர் கொடுத்தவையாம். உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. மீனவர்கள் திறந்து தரச்சொல்லிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொன்னேனே, கீல் என்று! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "அண்ணே, வேறு ஏதாவது செய்கிறீர்களா?" என்று கேட்டேன். கொட்டகையின் மூலையிலிருந்து சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். காட்டுக்கத்தி. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, முன்கை நீளம், நுனியில் லேசாக வளைந்து, கனம் முழுக்க முன்பக்கம். கையில் வாங்கியதும் அதுவே விழுந்து வெட்டும்போல இருந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது தங்கராசாட. வாகரைக்கு அங்கால இரிக்கிறான், காட்ட வெட்டி எரிச்சுச் சேனை செய்யிறவன்" என்றார் எர்வின். "இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தா வீட்டில ஒரு கரண்டி இல்ல. நிவாரணத்தில குடுத்த கத்தி ரெண்டு வெட்டில வளைஞ்சிற்று. போன மாசம் நான் ஒண்டு அடிச்சிக் குடுத்தன். வழியில செக்பொயின்டில பறிச்சிற்றானுகள். இப்ப காடு வெட்டுற காலம். வெட்டிக் காயவெச்சு, மழைக்கு முந்தி எரிக்கோணும். இந்த மாசத்துக்குள்ள வெட்டாட்டி, வாற வருசம் அவன் பொண்டாட்டியோட என்னத்தத் திங்கிற?"

"அதற்கு?"

"மிஸ் நீங்க வெளிநாடு. பாஸ்போர்ட் இரிக்கு. ஏற்கெனவே நாலு கத்தி வெச்சிருக்கீங்க. அஞ்சாவதா இதையும் வெச்சா ஆரு கேக்கப்போறான்?"

எங்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு வேறு வேலையும் இல்லை, நண்டு வேறு சாப்பிட்டிருந்தேன்.

வாகரை பஸ் செங்கலடியில் நின்றது, வாழைச்சேனையில் நின்றது, நிற்கத் தேவையில்லாத இடங்களிலும் நின்றது. ஓட்டமாவடி தாண்டி ஒரேயடியாக நின்றது. ஆட்கள் இறங்கி ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் மரநிழலில் உட்கார்ந்து கதைக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் எஞ்சினுக்குள் தலையைவிட்டபடி, "ஆரிட்டயும் கத்தி இரிக்கா?" என்றார். என்னிடமா கேட்டார்! ரப்பர் குழாய் வெட்டத்தானே என்று என் செல்லத்தைக் கொடுத்தேன். குழாயை அழகாக வெட்டினார். அப்புறம் நான் "ஐயோ" என்பதற்குள் அதே கத்தியின் முனையை ஒரு திருகாணியின் தலையில் கொடுத்து நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம். நெல்மணி அளவு முனை எஞ்சினுக்குள் எங்கோ போய்விட்டது.

"பரவாயில்ல அக்கா, இன்னும் வெட்டும்" என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தியை நெம்புகோலாக்குகிற ஆண்கள் கோயம்புத்தூரிலும் உண்டு. அங்கே நான் கத்திச் சண்டை போடலாம், இங்கே நான் விருந்தாளி.

சோதனைச் சாவடிகளில் எர்வின் சொன்னபடிதான் நடந்தது. மற்றவர்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "இந்தியா! கிரிக்கெட்!" என்று சிரித்து அனுப்பினார்கள். எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. சிரித்துவைத்தேன். ஒருவர்கூடப் பையின் அடியில் கை விடவில்லை. வெயிலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

எர்வின் போனில் சொல்லியிருந்தபடி தங்கராசா பாதையோரம் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், என் வயதுதான் இருக்கும். தலைமுடி மட்டும் என்னைவிட இருபது வயது மூத்தது. பையைக் கொடுங்கள் என்று வாங்கி முதுகில் போட்டுக்கொண்டார். "சாமான் இரிக்கா அக்கா?" என்று மெல்லக் கேட்டார். இருக்கிறது என்றதும் நடை வேகமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பும் மண்பாதையின் முனையில் மணல்மூட்டை அடுக்கிய சின்னக் காவல்நிலை ஒன்று இருந்தது, அவர்கள் பேச்சில் சென்றி. அதைத் தாண்டினால் வீடு.

அங்கே இருந்தது ஒரே ஒரு சிப்பாய். அவனுக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம் இல்லை போலும். பையை அவிழ்க்கச் சொன்னான். என் நான்கு கத்திகளையும் பார்த்தான்; முனை போனதைப் பார்த்து உச்சுக்கொட்டினான்; திருப்பி வைத்தான். பிறகு சாக்குச் சுருள் அவன் கண்ணில் பட்டது. அது என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் தங்கராசாவைப் பார்த்து, அதை எடுத்துக் கொடு என்று கையை நீட்டினான். கோபமாகக்கூட இல்லை. பார்த்துவிட்டுத் தந்திருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தங்கராசா சாக்கைப் பிரித்தார். கத்தியை எடுத்தார். நீட்டிய கைக்கு நேராகக் குனிந்து, அதை அந்தச் சிப்பாயின் பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

சிப்பாயின் முகம் மாறியது. கையில் கொடு என்று மறுபடியும் சொன்னான். தங்கராசா கும்பிடுவதுபோல் கையை வைத்துக்கொண்டு, எடுங்கள் எடுங்கள் என்று தலையாட்டினாரே தவிர அசையவில்லை. சிப்பாய் சிங்களத்தில் கத்த ஆரம்பித்தான். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் என்னை உன் காலடியில் குனியச் சொல்கிறாயா என்பதை எந்த மொழியில் கத்தினாலும் புரியும். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. நானே பாய்ந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். அவன் என்னைப் பார்த்தும் கத்தினான், நின்றுவிட்டேன். கடைசியில் கத்தியைக் காலாலேயே மணல்மூட்டைக்குப் பின்னால் தள்ளினான். நாளைக்கு அதிகாரி இருப்பார், வந்து பேசு, போ என்று அரைகுறைத் தமிழில் சொன்னான்.

போனோம். காவல்நிலை மறையும்வரை நான் அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"கையில் கொடுத்தால் என்ன? கை என்ன தேய்ந்தா போய்விடும்?"

"கத்தியக் கையில குடுக்கப்படாது அக்கா" என்றார், நான் இதைக் கேட்பதே அவருக்கு ஆச்சரியம். "கையில குடுத்தா, குடுக்கிறவனுக்கும் வாங்கிறவனுக்கும் பகை வரும். நீங்களும் தமிழாக்கள்தானே?"

தெரியாமல் என்ன! எங்கள் அம்மா கத்தரிக்கோலைக்கூட மேசையில் வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார். அதை ஒழிப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிடியை வாங்குபவர் பக்கம் நீட்டு, அவர் பிடித்தபின் விடு. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். நடுப்பாதையில் நின்று அந்தப் பாடம் முழுவதையும் தங்கராசாவுக்கு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி அக்கா. ஆனா எனக்கு அவனோட பகை வேணாம். நாளைக்கும் நான் அவன்ட முகத்திலதான் முழிக்கோணும்."

பகை வேண்டாம் என்று வைத்ததை அவன் பகை என்று எடுத்துக்கொண்டான். இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சிப்பாய் மேல் கோபம், இவர் மேல் கோபம், அம்மா மேலும் கோபம்.

தங்கராசாவின் மனைவி பூமணி, தகரக் கூரை போட்ட புது வீட்டின் முன்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் மீனைப் பலமாகத் தேய்த்தாள். என் மீன்கத்தியைக் கொடுத்தேன். இரண்டு மீனை அரிந்துவிட்டு, "நல்லாத்தான் இரிக்கு, ஆனா இதால காடு வெட்ட ஏலாதே அக்கா" என்றாள். அது எனக்கே தெரியும். தடித்த முதுகுக் கத்தியும் ஒரு கட்டையைப் பிளக்கும், ஒரு காட்டை வெட்டாது. சாப்பாடு சோறும் மீன் சொதியும். அதன்பின் எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாதது. அவ்வளவு நல்ல தயிரை அவ்வளவு எரிச்சலோடு நான் சாப்பிட்டதில்லை.

காலையில் சேனைக்குப் போய்ப் பார்த்தோம். பக்கத்துக் காணிகளில் வெட்டிய காடு காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. இவர்களுடையது மட்டும் பச்சையாக, ஆளுயரப் புதராக நின்றது. வீட்டிலிருந்த வளைந்த கத்தியால் தங்கராசா வெட்டியிருந்த இடம் ஒரு அறையளவுதான் இருக்கும். மற்றவர்கள் எரிக்கும்போது இது எரியாது. மழை வந்தால் அவ்வளவுதான்.

"நான் வாறன்" என்றாள் பூமணி.

தங்கராசா திரும்பிப் பார்த்தார். "எங்க?"

"சென்றிக்கு. கத்திய வாங்க."

அவர் வேண்டாம் என்றார், இரண்டு முறை சொன்னார். அவள் வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் அவர் இப்படிப் பதறுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வழியில் அவளே சொன்னாள். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அந்தக் காவல்நிலைப் பக்கம் போனதே இல்லை. கடைக்குப் போவதென்றாலும் புதருக்குள் சுற்றிப் போவாள். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அவளும் அவள் தம்பியும் ஒரே பஸ்ஸில் இருந்தார்கள். ஒரு சாவடியில் தம்பியை மட்டும் இறக்கினார்கள். விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் அனுப்புகிறோம் என்றார்கள்.

"எந்த பஸ் வந்தாலும் பாக்கிறனான் அக்கா" என்றாள்.

அதிகாரி நடுவயதுக்காரர். தமிழ் ஓரளவு பேசினார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், சுற்றுலாவா என்றார், ஓம் என்றேன்; அந்த ஊர் வார்த்தை அந்நேரம் தானாக வந்துவிட்டது. நேற்றைய சிப்பாய் பின்னால் விறைப்பாக நின்றான். கத்தி யாருடையது?

"என்ட" என்றாள் பூமணி. "சேனை வெட்ட."

அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிப்பாயிடம் ஏதோ சொன்னார். அவன் உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்தான். நேற்று நடந்தது அவனுக்கு மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கத்தியைப் பிடித்த கையை நீட்டி நின்றான்.

"கீழ வைக்கச் சொல்லு" என்று தங்கராசா அவள் காதோரம் முணுமுணுத்தார். "பூமணி, கையில வாங்காத."

அவள் ஒரு அடி முன்னால் போனாள். அவனை நேராகப் பார்த்தாள். கையை நீட்டி, அவன் கையிலிருந்தே கத்தியை வாங்கினாள். வாங்கியும் உடனே திரும்பவில்லை. அவன்தான் முதலில் கண்ணை எடுத்தான்.

பாதி தூரம் வந்துவிட்டோம். தங்கராசாவுக்குத்தான் ஆறவில்லை. "நான் சொல்லச் சொல்ல ஏன் கையில வாங்கின?"

"பகை வரப்படாதெண்டுதானே கீழ வைக்கிற" என்றாள் பூமணி. நடையை நிறுத்தவில்லை. "வந்து கிடக்கிறத என்ன செய்யச் சொல்றீங்க?"

எனக்கு அங்கே எடுக்கப் பாடம் ஒன்றும் இல்லை. அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே சேனைக்குப் போனாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு புதரில் முதல் வெட்டைப் போட்டாள். எர்வினின் கத்தி ஒரே வீச்சில் உள்ளே போனது. அவள் மத்தியானம்வரை நிறுத்தவில்லை, யாரிடமும் கத்தியைக் கொடுக்கவும் இல்லை. அவள் வெட்டிப்போட்டதைத் தங்கராசாவும் நானும் வெயிலில் இழுத்துப் பரப்பினோம்.